மினி டிராக்டரில் முட்டி வலியோடு ஏறி இறங்குவது

வணக்கம் ஐயா. தென்னந்தோப்பில் மினி டிராக்டர் ஓட்டும்போது வலது முட்டி வலிக்கிறது, இறங்கும்போதுதான் மோசம் என்று எழுதியிருந்தீர்கள். முன்பக்கம் பார்த்துக் குதிக்கிறீர்களோ என்று சந்தேகம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, வண்டியைப் பார்த்தபடி இடப்பக்கமாக இறங்குங்கள். வலியுள்ள கால் முதலில் கீழே வரட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்காதீர்கள், அது சுழலும். மட்கார்டில் கைப்பிடி இல்லையென்றால் பட்டறையில் ஒன்று போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் படி. இருக்கும் படிக்குக் கீழே இன்னொன்று வேண்டும். கம்பியில் செய்தால் மழையில் வழுக்கும், செக்கர் பிளேட்தான் (மேலே புடைப்புக் கோடுகள் உள்ள இரும்புத் தகடு) சரி. வரப்பில் இடித்து வளையாமல் இருக்க, தடித்த ரப்பர் பெல்ட்டில் தொங்கவிடலாம். மிதிக்கும்போது கொஞ்சம் ஆடும், பழகிவிடும். வெல்டிங் வைத்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் (ROPS) இருந்தால் அதில் வெல்டிங்கோ துளையோ கூடவே கூடாது.

எவ்வளவு அவசரமானாலும் பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு) நிறுத்தி, ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) தரையில் இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகுதான் இறங்க வேண்டும். முட்டி வீங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.