காலனிக் கால அமெரிக்காவில் சாவு வீட்டுக்குப் போனவர்களுக்கு மோதிரம் கொடுத்தார்களாமே, உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மாசசூசெட்ஸ் பக்கம் வசதியான வீட்டில் சாவு விழுந்தால் நெருங்கியவர்களுக்கும் பாதிரியாருக்கும் பொன் மோதிரம் உண்டு. யார் யாருக்கு என்று உயிலிலேயே எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள்.

கறுப்பு எனாமல் பூசி, இறந்தவர் பெயர், நாள், வயது பொறித்திருப்பார்கள். மண்டையோடு, எலும்புக்கூடுகூட இருக்கும். சிலவற்றில் கண்ணாடி போன்ற படிகக் கல்லுக்கு அடியில் இறந்தவரின் தலைமுடி! கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் புகைப்படம் இல்லாத காலம்; உடலிலிருந்து கெடாமல் எடுத்துவைக்க முடிந்தது முடிதானே?

பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சூவல் தமக்குக் கிடைத்த மோதிரங்களை நாட்குறிப்பில் குறித்துவந்தார். கையுறையோ இன்னும் நிறையப் பேருக்குக் கிடைத்தது, பாதிரியார்களுக்கும்தான். ஆண்ட்ரூ எலியட் என்ற பாதிரியாருக்குச் சாவு, கல்யாணம், ஞானஸ்நானம் என்று 32 ஆண்டுகளில் 2,900-க்கும் மேல் ஜோடிகள் சேர்ந்தன. மனிதர் அவற்றை விற்றுக் காசாக்கினார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், அத்தனையையும் எந்தக் கையில் மாட்டுவது?

இந்தச் செலவு குடும்பங்களைக் கரைத்ததால் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தது. 1774-இல் பிரிட்டிஷ் பொருட்களைப் புறக்கணித்தபோது, சாவு வீட்டில் கையுறை தருவதையே நிறுத்தச் சொல்லிவிட்டது கண்டப் பேரவை, அதாவது அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய சபை.