சுவாதி சிவப்பா, ஆரஞ்சா?

சுவாதி (Arcturus) விண்மீன் கணக்குப்படி சிவப்பாக வருகிறது, கண்ணுக்கோ ஆரஞ்சாகத் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை. சுவாதியின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 4,290 கெல்வின். ஒரு வெப்பநிலையில் எந்த அலைநீளத்தில் ஒளி மிக அதிகம் என்று சொல்வது வீன் விதி; அதன்படி உச்ச அலைநீளம் 675 நானோமீட்டர், அதாவது சிவப்பு. ஆனால் கண் உச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை, வருகிற ஒளி மொத்தத்தையும் கலந்துதான் பார்க்கிறது. அதே கணக்கைச் சூரியனுக்குப் போட்டால் 500 நானோமீட்டர் வரும், அது பச்சைப் பக்கம். சூரியன் என்ன பச்சையாகவா இருக்கிறது?

நிறச்சுட்டெண்ணைப் பாருங்கள். நீல வடிகட்டி வழியே அளந்த பொலிவெண்ணிலிருந்து, காட்சி (மஞ்சள்-பச்சை) வடிகட்டி வழியே அளந்ததைக் கழித்தால் வருவது அது; எண் கூடக்கூட நிறம் சிவப்புப் பக்கம் போகும். சுவாதிக்கு நீல வடிகட்டியில் பொலிவெண் (எண் குறைந்தால் பொலிவு அதிகம்) 1.18, காட்சி வடிகட்டியில் −0.05. கழித்தால் 1.23. சூரியனுக்கு இது 0.65, வெள்ளை விண்மீனான வேகாவுக்குச் சுழியம். 1.23 என்றால் ஆரஞ்சுதான், உங்கள் கண் சரியாகவே சொல்லியிருக்கிறது.

அப்புறம், சுவாதி 37 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது, நடுவே உள்ள தூசி ஒளியைச் சிவப்பாக்குவதைக் கண்டுகொள்ள வேண்டாம். ரொம்பத் தொலைவான விண்மீன் என்றால் தூசி ஏற்றிய சிவப்பை முதலில் கழித்துவிடுங்கள்.