அவுட்லுக்கில் இருக்கும் மெயில் கணக்கு செட்டிங்ஸை அப்படியே தண்டர்பேர்டுக்குக் கொண்டுபோக வழி உண்டா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பழைய அவுட்லுக்கில் மூன்று கணக்கு இருக்கிறது: ஒரு ஜிமெயில், சொந்த டொமைனில் ஐமேப் (மெயில் செர்வரிலேயே இருக்கும் முறை) கணக்கு ஒன்று, பல வருடமாக பாப் முறையில் (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணக்கு ஒன்று. தண்டர்பேர்டில் இம்போர்ட் கொடுத்துப் பார்த்தீர்கள். கணக்கு அரைகுறையாக வந்தது, பாஸ்வேர்ட் தப்பு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது, மெயில் வருகிறது ஆனால் போக மாட்டேன் என்கிறது, அனுப்பிய மெயில்கள் ஃபோல்டர் காலியாகக் கிடக்கிறது.

அப்படியே கொண்டுபோக வழி இல்லை. இருந்தாலும் அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு கணக்கின் செட்டிங்ஸ் என்பது எட்டுப் பத்து வரி, கையால் அடித்தால் ஐந்து நிமிட வேலை. பத்திரமாகக் கொண்டுபோக வேண்டியவை வேறு: உங்கள் கணினியில் மட்டும் கிடக்கிற மெயில்கள், தொடர்புகள், ஃபில்டர் விதிகள். அந்த எட்டு வரியை இம்போர்ட் கருவி மாற்றுமா மாற்றாதா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது இவை கண்ணில் படாமல் போய்விடுகின்றன, பழைய கணினியை ஃபார்மட் செய்த பிறகுதான் ஞாபகம் வரும்.

ஏன் வழி இல்லை என்றால், மெயில் உலகில் எல்லாரும் ஒத்துக்கொண்டது செர்வரோடு எப்படிப் பேசுவது என்பதை மட்டும்தான். எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) 1982, ஐமேப் 1986, பாப்3 1988 என்று அந்தப் பேச்சு முறைகள் எல்லாமே பழசு, எல்லா மென்பொருளுக்கும் பொது. ஆனால் கணக்கு விவரத்தைக் கணினிக்குள் எப்படி எழுதி வைப்பது என்பது அவரவர் இஷ்டம். அவுட்லுக் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) எழுதுகிறது, தண்டர்பேர்ட் தன் புரொஃபைல் ஃபோல்டரில் பிரெஃப்ஸ் என்ற ஃபைலில் எழுதுகிறது. அந்தக் காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு கணக்கை ஒரே ஃபைலாக ஏற்றுமதி செய்து இன்னொரு கணினியில் திறந்துவிடலாம். அந்த வசதியைப் பழகியவர்கள்தான் இன்னும் அதைத் தேடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாஸ்வேர்ட் விஷயம் தனி. அது வேண்டுமென்றே நகராதபடி வைக்கப்பட்டிருக்கிறது. அவுட்லுக் தன்னிடம் இருக்கும் பாஸ்வேர்டை அந்த விண்டோஸ் பயனருக்கு மட்டும் திறக்கும்படி பூட்டி வைக்கிறது, அதனால் ரெஜிஸ்ட்ரியை முழுதாக நகல் எடுத்து வேறு கணினியில் போட்டாலும் பாஸ்வேர்ட் மட்டும் திறக்காது. ஆகவே எந்த வழியில் போனாலும் மூன்று பாஸ்வேர்டையும் மறுபடி அடிக்கத்தான் வேண்டும். மறந்துவிட்டது என்றால் அந்தந்த சேவையின் வலைத்தளத்தில் மாற்றிக்கொள்வதுதான் சுருக்கமான வழி.

ஜிமெயிலுக்கு நீங்கள் சரியான பாஸ்வேர்டைத்தான் அடித்திருப்பீர்கள், ஆனாலும் ஏற்காது. தனிநபர் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு இதே கதவு 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. இப்போது ஓஆத் முறைதான்: உள்நுழைவு ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் நுழைந்து அனுமதி கொடுத்ததும் அந்த மென்பொருளுக்கு மட்டும் ஒரு டோக்கன் கிடைக்கும். பெயர் போட்டுக் கொடுத்த பாஸ் மாதிரி அது, அவுட்லுக்குக்குக் கொடுத்ததைத் தண்டர்பேர்ட் காட்டினால் செல்லாது. தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் செர்வர் பகுதிக்குப் போய், அங்கீகார முறை என்ற இடத்தில் 'சாதாரண கடவுச்சொல்' என்று இருப்பதை 'ஓஆத்2' என்று மாற்றுங்கள். வெளியே அனுப்பும் செர்வருக்கும் இதையே தனியாக மாற்ற வேண்டும், பலர் உள்ளே வருவதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஜன்னல் திறந்து வெள்ளையாகவே நிற்கிறது, அல்லது சுற்றிச் சுற்றி அதே பக்கத்துக்கு வருகிறது என்றால் தண்டர்பேர்டின் தனியுரிமைப் பகுதியில் குக்கீகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மென்பொருள் ஓஆத் தெரியாத பழையது என்றால் ஜிமெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கி அதை அடிக்கலாம்.

அடுத்தது, மெயில் வருகிறது ஆனால் போகவில்லை என்பது. வருவதற்கும் போவதற்கும் வெவ்வேறு செர்வர், வெவ்வேறு செட்டிங். அவுட்லுக்கில் 'உள்வரும் செர்வரின் அதே விவரத்தைப் பயன்படுத்து' என்று ஒரு டிக் இருந்திருக்கும், இம்போர்ட்டில் அது தொலைந்து, தண்டர்பேர்டில் அங்கீகாரம் 'இல்லை' என்று உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தியில் வரும் எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 535 என்றால் பெயர் அல்லது பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை. 550 என்று வந்து கூடவே ரிலே என்ற சொல் இருந்தால் நீங்கள் அடையாளமே காட்டாமல் அனுப்பப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம், அங்கீகாரத்தைப் போட்டாலே சரியாகும். எண்ணே வராமல் நெடுநேரம் யோசித்துவிட்டு 'இணைப்பு நேரம் முடிந்தது' என்று வந்தால் பெரும்பாலும் போர்ட் எண்ணும் (செர்வரின் எந்த வாசலில் நுழைவது என்பது) பாதுகாப்பு முறையும் பொருந்தவில்லை. 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வருவதற்கு ஐமேப் 993, பாப் 995, இரண்டுமே எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பழைய கணக்குகளில் 25, 110, 143 என்று இருந்தால் அதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், மாறுகிற சாக்கில் இதையும் சரி செய்துவிடுங்கள்.

இந்த விவரமெல்லாம் எங்கே பார்ப்பது என்றால், பழைய அவுட்லுக்கில் ஃபைல் மெனு, கணக்கு அமைப்புகள், அதில் கணக்கைத் தேர்ந்து மாற்று, பிறகு கூடுதல் அமைப்புகள், கடைசியில் அட்வான்ஸ்டு தாவல். புதிய பதிப்புகளில் அந்த ஜன்னலைச் சுருக்கிவிட்டார்கள், போர்ட் எண் தெரியாது. அப்போது விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் மெயில் என்ற ஐகானைத் திறந்தால் பழைய முழு ஜன்னல் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

சொந்த டொமைன் கணக்கைப் பொறுத்தவரை, தண்டர்பேர்ட் தானாகவே செர்வரைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். பெரிய சேவைகளின் விவரம் மோசில்லாவின் பட்டியலில் இருக்கிறது, அங்கெல்லாம் தப்பாது. சொந்த டொமைன் என்றால் பல நேரம் ஊகம்தான், பயனர் பெயரில் @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்டுவிடும், செர்வரோ முழு முகவரி கேட்கும். கையால் அமை என்பதைக் கொடுத்து ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதை அடியுங்கள். செர்வர் தன் அடையாளமாகக் காட்டும் சான்றிதழின் பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை' என்று தாண்டிப் போகாதீர்கள். உங்கள் டொமைன் பெயரை வைத்து செர்வரைக் கூப்பிடுகிறீர்கள், சான்றிதழோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் செர்வர் பெயரில் இருக்கிறது, வழக்கமாக அவ்வளவுதான் விஷயம். ஹோஸ்டிங் பேனலில் போட்டிருக்கும் செர்வர் பெயரையே அடித்தால் எச்சரிக்கை போய்விடும்.

அப்புறம், காலியாகக் கிடக்கும் அந்த அனுப்பிய ஃபோல்டர். ஐமேப் கணக்கில் பெரும்பாலும் மெயில் எங்கும் போயிருக்காது. ஒரு மென்பொருள் 'சென்ட்' என்று வைக்கும், இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்', மூன்றாவது 'சென்ட் மெசேஜஸ்'. ஒரே செர்வரில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், தண்டர்பேர்ட் பார்ப்பது காலியான ஒன்றை. கணக்கு அமைப்பில் நகல்கள், ஃபோல்டர்கள் என்ற பகுதிக்குப் போய்ப் பழைய ஃபோல்டரையே காட்டிவிடுங்கள். எந்த ஃபோல்டர் எதற்கு என்று செர்வரே சொல்லும் முறை 2011-லேயே வந்துவிட்டது, ஆனாலும் இந்தக் குழப்பம் ஓயவில்லை. ஜிமெயிலில் மட்டும் நேர் எதிர்ப் பிரச்சினை: அனுப்பியதை அதுவே தன் பக்கத்தில் சேமித்துக்கொள்ளும், மென்பொருளும் ஒரு நகல் வைத்தால் சிலவற்றில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மென்பொருளின் நகலை நிறுத்திவிடலாம். அதோடு 'ஆல் மெயில்' ஃபோல்டரை ஐமேப்பில் காட்ட வேண்டாம் என்று ஜிமெயில் லேபிள் அமைப்பில் எடுத்துவிட்டால் ஒவ்வொரு மெயிலும் இரண்டாவது முறை இறங்குவது நிற்கும்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தருவது உங்கள் பாப் கணக்கு. பாப் என்றால் மெயில் உங்கள் கணினிக்கு இறங்கிவிட்டது, செர்வரில் நகல் வைக்கச் சொல்லாமல் இருந்தால் அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரு பிஎஸ்டி ஃபைலில் இருக்கும். ஐமேப் கணக்குக்கு அவுட்லுக் வைப்பது ஓஎஸ்டி ஃபைல், அது வெறும் தற்காலிக நகல். என் நண்பர் ஒருவர் ஓஎஸ்டியை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வந்து புதுக் கணினியில் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. எந்தக் கணக்கு அமைப்பில் உருவானதோ அதிலேதான் அவுட்லுக் அதைத் திறக்கும். நல்லவேளை அது ஐமேப், எல்லாம் செர்வரிலிருந்து திரும்ப இறங்கியது. இன்னொன்று, ஐமேப் கணக்கு வைத்திருந்தாலும் 'இந்தக் கணினியில் மட்டும்' என்று தலைப்பு போட்ட ஃபோல்டர்கள் இருந்தால் அவை செர்வரில் இல்லை. ஆர்க்கைவ் என்று அவுட்லுக் ஒதுக்கி வைத்ததும் அப்படித்தான், அது தனி பிஎஸ்டி ஃபைலாகக் கணினியில்தான் இருக்கும்.

பிஎஸ்டியிலிருந்து மெயிலை எடுக்கத் தண்டர்பேர்டின் இம்போர்ட் வேலை செய்ய, அதே கணினியில் பழைய அவுட்லுக் நிறுவியிருக்க வேண்டும். புதிய அவுட்லுக் மட்டும் இருந்தால் நடக்காது. நான் எப்போதும் சொல்லும் வழி வேறு, சுற்று வழிதான் ஆனால் எந்த மென்பொருளிலிருந்து எந்த மென்பொருளுக்கும் ஓடும்: செர்வரையே நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் இடம் நிறைய உள்ள ஒரு ஐமேப் கணக்கைச் சேர்த்து, அதில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கி, பிஎஸ்டியில் உள்ள மெயில்களைச் சிறு சிறு தொகுதியாக அதற்குள் நகலெடுங்கள். நகர்த்தாதீர்கள், நடுவில் இணைப்பு அறுந்தால் எது போனது எது நின்றது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். தண்டர்பேர்டில் அதே கணக்கைத் திறந்தால் எல்லாம் தேதி, இணைப்புக் கோப்போடு அங்கே நிற்கும். ஜிமெயிலை நடுவில் வைத்தால் ஒரு நாளைக்கு ஐமேப் வழியாக ஏற்ற 500 எம்பி என்று வரம்பு இருக்கிறது, பெரிய பிஎஸ்டி என்றால் சில நாள் ஆகும். பொறுமை இல்லையென்றால் டொமைன் கணக்கில் ஏற்றுங்கள்.

தொடர்புகளை சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த பட்டியல் ஃபைல்) எடுக்கும்போது ஒரு விஷயம். தமிழில் பெயர் சேமித்திருந்தால் பழைய அவுட்லுக்கின் சிஎஸ்வியில் அது வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும், யூனிகோடில் எழுதாததுதான் காரணம். எடுத்ததும் நோட்பேடில் திறந்து பாருங்கள், கேள்விக்குறியாகி இருந்தால் அந்த ஃபைலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, வேறு வழியில் மறுபடி எடுக்க வேண்டும். ஃபில்டர் விதிகள் தானாக வராது, கையால்தான் மறுபடி அமைக்க வேண்டும். பழைய விதிகளில் பாதி எதற்கு என்றே தெரியாது, அதனால் இது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை. கையொப்பத்தைக் காப்பி பேஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

ஒருமுறை தண்டர்பேர்டுக்கு வந்துவிட்டால் இந்தத் தலைவலி குறையும். கணினி மாற்றும்போது அதை முழுதாக மூடிவிட்டுப் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் கணக்கு, பாஸ்வேர்ட், ஃபில்டர் எல்லாம் கூடவே வரும், புதுக் கணினியில் பழைய பதிப்பு மட்டும் இருக்கக்கூடாது. ஏற்றுமதிக் கருவியும் உண்டு, ஆனால் 2 ஜிபிக்கு மேல் அது ஒத்துவராது. பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் உள்ளே இருப்பதால் அந்த நகலைக் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு 2024 அக்டோபரில் வந்த தண்டர்பேர்ட், கணினித் திரையில் காட்டும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து கணக்குகளை எடுத்துக்கொள்ளும். ஓஆத் கணக்குகளுக்கு அங்கேயும் ஒருமுறை உள்நுழையத்தான் வேண்டும்.

உங்கள் பாப் கணக்கைத் தண்டர்பேர்டில் சேர்ப்பதற்கு முன்னால் அந்த சேவை ஐமேப் தருகிறதா என்று பாருங்கள், தந்தால் ஐமேப்பாகவே சேருங்கள், ஏனென்றால் பாப் கணக்கைப் பின்னால் ஐமேப்பாக மாற்ற முடியாது, புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். பாப் மட்டும்தான் என்றால் 'செர்வரில் நகல் வை' என்பதை முதலிலேயே டிக் செய்துவிடுங்கள். எது ஏற்கெனவே இறங்கியது என்ற பட்டியல் அவுட்லுக்கிடம் இருக்கிறது, தண்டர்பேர்டுக்குத் தெரியாது, ஆகவே செர்வரில் மிச்சமிருப்பதெல்லாம் புது மெயில் போல ஒருமுறை கொட்டும், பயப்படாதீர்கள். அதே சமயம் பழைய கணினியின் அவுட்லுக்கில் இந்தக் கணக்குக்கான தானியங்கி அனுப்புதல்/பெறுதலை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் அவுட்லுக் முதலில் எழுந்தால் அது இறக்கி செர்வரில் அழித்துவிடும், அந்த மெயில் பழைய கணினியில் மட்டும் கிடக்கும்.