கனிஞ்சிருக்குதுங்க!

கேள்வி: இங்கிலாந்தில் 1832-ல் ஒரே சட்டம் போட்டு அழுகிய தொகுதிகளை ஒழித்தார்களாமே, இங்கே அப்படி ஒரு சட்டம் எப்போது வரும்?
- ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பதில்: சேலத்துக்காரர் 'அழுகிய' என்று எழுதிவிட்டால் மற்றதெல்லாம் எனக்குக் கண்ணில் படாது. போன மே மாதம் கடைவீதியில் ஒரு கூடை மல்கோவா வாங்கினேன். மேலே ஆறு பழம், புது மாப்பிள்ளை மாதிரி. வீட்டுக்கு வந்து வைக்கோலை விலக்கினால், அடியில் இருந்ததெல்லாம் தொட்ட விரலை உள்ளே இழுத்துக்கொண்டது. கூடையோடு திரும்பிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நிதானமாக முகர்ந்து பார்த்தார். "அழுகல் இல்லீங்க சார், நல்லாக் கனிஞ்சிருக்குதுங்க" என்றார். பணம் திரும்பவில்லை.

நீங்கள் சொல்லும் அழுகிய தொகுதிகளில் பேர்போனது ஓல்டு சாரம். (பெயரைக் கேட்டால் நம்மூருக்குப் பங்காளி மாதிரி இல்லை?) ஊர் என்று ஒன்றும் கிடையாது, வெறும் மேடு. 1831-ல் அங்கே ஓட்டு 11. ஓட்டுக்காரர்களும் வேறு ஊரில் குடியிருந்தார்கள். அந்த மேட்டுக்கு எம்.பி. இரண்டு பேர், மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. தேர்தலன்று மரத்தடியில் கூடாரம் அடித்து, காரியத்தை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த மேட்டை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் யார் தெரியுமா? தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை நம்ம சென்னைக் கோட்டை கவர்னர். இங்கே இருந்தபோது 400 காரட்டுக்கு மேல் எடையுள்ள கோல்கொண்டா வைரம் ஒன்றை வாங்கி, ஊருக்கு அனுப்பிப் பட்டை தீட்டி, 1717-ல் பிரெஞ்சு ராஜ பிரதிநிதிக்கு விற்றார். பேரன் வில்லியம் பிட் 1735-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது ஓல்டு சாரம் வழியாகத்தான், பிறகு பிரதமர். கொள்ளுப்பேரனும் பிரதமர். இந்தக் கொள்ளுப்பேரனே 1785-ல் இப்படிப்பட்ட 36 தொகுதிகளை நட்டஈடு கொடுத்து ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். சபை தோற்கடித்தது. அழுகிய தொகுதிகளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் கடைசிவரை சொன்ன காரணம்: பிட் மாதிரித் திறமைசாலிகள் சின்ன வயதிலேயே சபைக்கு வர இதுதானே வழி!

கனிஞ்சிருக்குதுங்க.

பிறகு 1832. ஓல்டு சாரம் உட்பட 56 ஊர்கள் ஒழிந்தன. சரி, ஓட்டு யாருக்கு? நகரத்தில், வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு மதிப்புள்ள வீட்டில் இருக்கும் ஆணுக்கு. 'ஆண்' என்று சட்டத்தில் எழுதியே வைத்தார்கள். ஆக, ஓட்டு வீட்டுக்காரனுக்கு ஓட்டு, கூரை வீட்டுக்காரனுக்கு வேடிக்கை.

இந்த இடத்தில் அஸ்தம்பட்டிப் புலவர் பேனாவைத் திறந்திருப்பார். 'ஓட்டு' தமிழல்ல, 'வாக்கு' என்று எழுது என்று பதினைந்து வருஷமாக அஞ்சலட்டை போடுகிறார். ஐயா, வாக்கு நாக்கில் இருப்பது; கொடுத்துவிட்டு மாறலாம். ஓட்டு பெட்டியில் விழுவது, மாற்ற முடியாது. தவிர 'வாக்கு வீடு' என்று எழுதினால் மேலே உள்ள வேடிக்கை ஒழுகிவிடும். அடுத்த அட்டையில் உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டுவீர்கள். அந்தக் கல்வெட்டிலும், ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் கேட்கிறார்கள், படித்துப் பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஆங், ரகசிய ஓட்டு 1872-ல்தான் வந்தது. அந்த முறையில் முதல் இடைத்தேர்தல் நடந்த பான்டிஃப்ராக்ட் ஊரில், அதிமதுர மிட்டாய்க்குக் குத்தும் முத்திரையை எடுத்து ஓட்டுப்பெட்டி அரக்கில் குத்தினார்களாம். பெண்களுக்கு 1918-ல், அதுவும் 30 வயது தாண்டினால். ஆணுக்குச் சமமாக 21 வயதில் என்றானது 1928-ல். 'ஒரே சட்டம்' என்கிறீர்களே, 96 வருஷம் சாமி! நாம் 1950-ல் அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவில், ஓடா கூரையா என்று அண்ணாந்து பார்க்காமல், 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேயடியாகக் கொடுத்தோம். 1989-ல் அது 18 ஆனது. பொறாமைப்பட வேண்டியது அவர்கள்.

உள்ளூர் விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் நோட்டா பட்டன் முதலில் வந்தது நம்ம ஏற்காட்டில், 2013 டிசம்பர் இடைத்தேர்தலில். நாலாயிரத்துச் சொச்சம் பேர் அமுக்கினார்கள். நோட்டாவைத் திட்டாமல் இந்தப் பக்கத்தை நான் முடிப்பதில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எல்லா வேட்பாளரையும்விட அது அதிக ஓட்டு வாங்கினாலும், அதற்கு அடுத்து வந்தவர்தான் எம்.எல்.ஏ. கூடையைத் திருப்பிக் கொண்டுபோகலாம். முகர்ந்து பார்த்துவிட்டு அதே கூடையைத் தருவார்கள்.

எப்போது வரும் என்றுதானே கேட்டீர்கள்? சட்டம் எனக்குத் தெரியாது. மல்கோவா வைகாசியில் வரும். இந்த வருஷம் கூடை வேண்டாம், ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிலோக் கணக்கில் வாங்கப்போகிறேன்.