உறுதியில் பேர்ச், பிளானில் ஹெக்டேயர்: வளவு குறைந்துவிட்டதா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவின் வளவை எனக்குச் சீதனமாக எழுதப் போகிறார்கள். பழைய உறுதியில் 2 றூட் 12 பேர்ச். இப்போது அளந்த பிளானில் 0.2302 ஹெக்டேயர். அரை ஏக்கருக்கு மேலே இருந்த காணி கால் ஹெக்டேயர்கூட வரவில்லையே என்று அண்ணா சந்தேகப்படுகிறார். காணி குறைந்துவிட்டதா?"

அண்ணா பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஒரு ஹெக்டேயர் கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். அரை ஏக்கர் என்பதே 0.2023 ஹெக்டேயர்தான். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு றூட் என்பது கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச். ஆகவே உங்கள் வளவு 92 பேர்ச். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். பெருக்கினால் 2,327 சதுர மீற்றர், அதாவது 0.2327 ஹெக்டேயர். பிளானிலோ 0.2302. ஆக, 25 சதுர மீற்றர் குறைகிறது. கிட்டத்தட்ட ஒரு பேர்ச்! அலகு மாறியதால் வந்த குறை இல்லை இது.

வேலியைப் போய்ப் பாருங்கள். உங்கள் வளவு ஏறக்குறைய சதுரம் என்றால் ஒரு பக்கம் 48 மீற்றர் வரும். அந்த ஒரு பக்க வேலி அரை மீற்றர் உள்ளே வந்தாலே ஒரு பேர்ச் போய்விடும். கதியால் பட்டுப்போகும்போது பழைய குழியை விட்டு ஒரு சாண் உள்ளே நடுவோம். இரண்டு மூன்று தடவை வேலி அடைத்தால் அரை மீற்றர் ஆகிவிடும். யாரும் களவெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வளவுக்காரரோடு சண்டைக்குப் போகுமுன், பழைய பிளானைப் புதியதன்மேல் பொருத்திக் காட்டும்படி நில அளவையாளரிடம் கேளுங்கள். பழைய பிளானில் நீளங்கள் சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கலாம். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். லிங்கை அடி என்று வாசித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

வயல் செய்கிறவர்களுக்கும் இதே தடுமாற்றம்தான். பசளை அளவு ஹெக்டேயருக்கு என்று போட்டிருந்தால் அதை 2.47ஆல் பிரித்த பிறகே ஏக்கருக்குப் போடுங்கள். அப்படியே அள்ளிப் போட்டால் இரண்டரை மடங்கு விழும்.

அப்புறம், புது உறுதி எழுதும்போது அட்டவணையில் (காணியின் விபரம் எழுதும் பகுதியில்) பிளானின் இலக்கமும் திகதியும், ஹெக்டேயரும் பேர்ச்சும் இரண்டுமே வரட்டும். கையெழுத்து வைக்குமுன் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்காவது இலக்கம் ஒரு சதுர மீற்றர். 0.2302ஐ 0.23 என்று சுருக்கினால் நீங்கள் இழப்பது 2 சதுர மீற்றர்தான், ஆனால் 0.2248ஐ 0.22 என்று எழுதினால் ஏறக்குறைய 2 பேர்ச் தாளிலேயே தொலைந்துவிடும்.