‘அப்படியே மாட்டி ஓட்டலாம்’ என்று விற்ற எஞ்சின்

கேள்வி: என்னிடம் அப்பாவின் 1958 மொரிஸ் மைனர் இருக்கிறது. பழைய எஞ்சினின் புளொக் வெடித்துவிட்டதால் ஹட்டன் பக்கம் ஒருவரிடம் வேறு எஞ்சின் வாங்கினேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2009இல் கண்டியில் ஃபுல் ஓவர்ஹோல் செய்து, சாக்கில் சுற்றி, ஸ்டோரில் வைத்திருந்ததாகச் சொன்னார். “செஞ்ச எஞ்சின், ஸ்டார்ட் பண்ணவே இல்ல, அப்படியே மாட்டி ஓட்டலாம்” என்று வட்ஸ்அப்பிலும் அனுப்பினார். 380,000 ரூபாவை வங்கியில் போட்டேன். “மொரிஸ் மைனர் எஞ்சின் ஒன்றுக்காகப் பெற்றுக்கொண்டேன்” என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். மாட்டி ஸ்டார்ட் செய்தபோது ஒயில் லைட் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. மறுநாள் அப்புத்தளை ஏற்றத்தில் உள்ளே தட்டும் சத்தம் வந்து நின்றுவிட்டது. வாங்கி நான்கு மாதம். “ஓட்டத் தெரியாமல் ஓட்டினால் நான் என்ன செய்ய” என்கிறார். பொலிஸில் முறையிடலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: முதலில் ஒரு வேலை. அந்த எஞ்சினை இனிச் சுற்றாதீர்கள், யாரையும் திறக்கவும் விடாதீர்கள். உங்கள் கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஆர்வத்தில் ஹெட்டைக் கழற்றிவிட்டால் வழக்கின் பாதி அங்கேயே போய்விடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பொலிஸ் பற்றிச் சுருக்கமாக: தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் குற்றம் உண்டு. ஆனால் விற்கும் நேரத்திலேயே அவர் மனதில் வஞ்சகம் இருந்தது என்று காட்ட வேண்டும். இப்போது உங்கள் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு போனால் “இது சிவில் விஷயம்” என்று அனுப்பிவிடுவார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் உங்களுக்கு உதவாது. அங்கே விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது. அதோடு அந்தச் சட்டம் வியாபாரியைப் பார்த்து எழுதியது, ஸ்டோரில் கிடந்த ஒரேயொரு எஞ்சினை விற்ற பென்சன்காரரை அல்ல.

உங்கள் வழக்கு நிற்கும் இடம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, உங்கள் மொரிஸைவிட மூத்தது. அதன்படி, பொருள் நல்ல தரமாக இருக்கும், நோக்கத்துக்குப் பொருந்தும் என்று சட்டம் தானாகச் சேர்க்கும் உத்தரவாதம் அந்தப் பொருளில் வியாபாரம் செய்பவருக்கு எதிராகவே வேலை செய்யும். கண்டியிலோ பஞ்சிகாவத்தையிலோ ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். தனி ஆளிடம் வாங்கினால் பொறுப்பு உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் என்பதுதான் பொது விதி.

ஆனால் வர்ணனை வேறு. இன்னது என்று சொல்லி விற்றால் பொருள் அதுவாக இருக்க வேண்டும், விற்றவர் யாராக இருந்தாலும் சரி. “ராசா மாதிரி ஓடும்” என்று சொல்லியிருந்தால் அது சந்தைப் பேச்சு, நீதிமன்றம் சிரித்துவிட்டுப் போகும். “செஞ்ச எஞ்சின்” என்பது அப்படியல்ல. சிலிண்டர் போர் பண்ணி (உட்சுவரைக் கடைந்து), கிராங்க் கிரைண்ட் பண்ணி, பிஸ்டனும் பெயாரிங்கும் புதிதாகப் போட்டது என்றுதான் மலையகத்தில் எந்த பாஸும் அதைப் புரிந்துகொள்வார். அந்தச் சொல்லுக்குத்தான் 380,000 கொடுத்தீர்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழையதெல்லாம் விலை ஏறியது தெரியும், ஆனாலும் செய்யாத எஞ்சினுக்கு யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை.

ஆகவே எல்லாம் ஒரு கேள்விக்குள் வந்து நிற்கிறது: அது உண்மையிலேயே செய்த எஞ்சினா, அல்லது செய்யாததைச் செய்ததாகச் சொன்னாரா? திறந்தால் எஞ்சினே சொல்லும். கடைந்த சிலிண்டருக்கான ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் அதன் தலையில் 20, 40 என்று அளவு அடித்திருக்கும். பெயாரிங் ஓட்டின் முதுகிலும் அப்படியே. போர் பண்ணின சிலிண்டரில் குறுக்கு நெடுக்காகக் கீறல் தெரியும். பண்ணாததில் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, விரல் நகம் தட்டுகிற மாதிரி ஒரு படி இருக்கும். படியும் பழைய ஸ்டாண்டர்ட் பிஸ்டனும் கிடைத்தால் வர்ணனை பொய். அவர் ஸ்டோர் எவ்வளவு உலர்ந்தது, நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதெல்லாம் அப்போது இரண்டாம் பட்சம்.

செய்ததுதான், ஆனால் கிடந்து கெட்டது என்று தெரிந்தால் உங்கள் பாடு கஷ்டம். ஹட்டன் பக்கம் வைகாசி பிறந்தால் சுவரே வியர்க்கும். சாக்கு ஈரத்தை இழுத்துக் கொடுக்கும். பிளக் ஓட்டை திறந்து கிடந்தால் சிலிண்டரில் துரு, வால்வு இறுகும், ரப்பர் சீல் காயும். பெயாரிங்கில் பூசியிருந்த ஒயில் இத்தனை வருடத்தில் வடிந்துபோயிருக்கும். இந்த வகை எஞ்சினில் நெடுநாள் கிடந்த பிறகு ஒயில் பம்ப் வெறும் காற்றைச் சுற்றும். முதலில் பம்பை நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டுச் சும்மா சுற்றி, ஒயில் அழுத்தம் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நீங்கள் அதைச் செய்ததாக எழுதவில்லை. “ஒயில் லைட் கொஞ்ச நேரம் எரிந்தது” என்ற உங்கள் வரியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கண்டால் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவார். எவ்வளவு நேரம் என்று இப்போதே நினைவுபடுத்தி, உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள். குறைத்துச் சொல்லிப் பிறகு மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

உங்கள் வாதத்தின் அந்த ஓட்டைக்கும் விற்றவரே ஒரு அடைப்புக் கொடுத்திருக்கிறார்: “அப்படியே மாட்டி ஓட்டலாம்.” தயார்படுத்தல் எதுவும் தேவையில்லை என்று தானே சொல்லிவிட்டு, தயார்படுத்தவில்லை என்று உங்களைக் குற்றம் சொல்வது எடுபடாது. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் கீழ் அது சாட்சியமாகும். அவர் தந்த துண்டில் எஞ்சினின் நிலை பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், அந்த இடத்தை வட்ஸ்அப்தான் நிரப்பப் போகிறது.

சரி, எப்படித் திறப்பது? அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். இன்ன நாள், இன்ன இடத்தில் எஞ்சினைத் திறக்கப் போகிறோம், வந்து பார்க்கலாம், உங்கள் பாஸையும் கூட்டி வரலாம் என்று. வந்தாலும் நல்லது, வராவிட்டாலும் நல்லது: உள்ளே எதையோ மாற்றிவிட்டீர்கள் என்று பிறகு சொல்ல முடியாது. திறப்பவர் உங்கள் கராஜ்காரராக இருக்கக் கூடாது. இரண்டு பேரையும் தெரியாத ஒரு லேத் பட்டறைக்காரர் நல்லது. அளவுகளைக் கையெழுத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள். சம்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) இருக்கும் ஒயிலை வீசாமல் போத்தலில் எடுத்து வையுங்கள்.

பணம் முழுவதும் திரும்பக் கேட்பதை மறந்துவிடுங்கள். மாட்டி ஓட்டிய பிறகு பொருளை ஏற்றுக்கொண்டவர் ஆகிவிட்டீர்கள், திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது. மிஞ்சியிருப்பது நட்டஈடு: சொன்ன மாதிரி இருந்திருந்தால் என்ன பெறுமதி, வந்த நிலையில் என்ன பெறுமதி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். திரும்பச் செய்ய ஆகும் செலவு அதற்கு நல்ல அளவுகோல். மாட்டிய கூலியையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கே கேட்பது? இந்த அளவு பணத் தகராறை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகாமல் மாவட்ட நீதிமன்றம் போக முடியாது. அவர் வசிக்கும் பிரதேசத்துச் சபைக்குப் போங்கள். அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை. என் வருமானத்துக்கு விரோதமாகச் சொல்கிறேன், உங்களுக்கு அது நன்மைதான். தமிழில் பேசலாம். லேத்காரரின் தாளையும் வட்ஸ்அப்பையும் மேசையில் வைத்தால், ஊரில் மதிப்போடு இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற மனிதர் பாதிச் செலவையாவது ஒத்துக்கொள்வார் என்பது என் கணிப்பு. இணங்காவிட்டால் சபை தரும் சான்றிதழோடு வழக்குப் போடலாம். வழக்குப் போடும் கால எல்லை வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, எழுத்திலானதற்கு 6 ஆண்டு என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நீங்கள் 3 என்றே கணக்கு வையுங்கள். ஆனால் இந்தத் தொகைக்கு வருடக்கணக்கில் வழக்குப் பேசுவதை நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சீ.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) இருப்பது பழைய எஞ்சின் எண். எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் வம்பு. டைனமோவுக்கு மேலே புளொக்கில் ஆணி அடித்த சிறு தகட்டில் எண் இருக்கும். அது 9 என்று தொடங்கினால் 948 சீசீ, 10 என்று தொடங்கினால் 1098. பின்னதென்றால் சீசீயும் மாறுகிறது. அவர் தந்த துண்டில் எண் இல்லை. எந்தக் காரிலிருந்து கழற்றியது, அந்தக் கார் இப்போது எங்கே என்பதையும் எண்ணோடு சேர்த்து அவரிடம் எழுதி வாங்க வேண்டும். சமரசம் பேசும்போதே இதையும் கேளுங்கள், பணத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கேட்டால் தர மாட்டார்.

கோபத்தில் அவருக்குக் குரல் பதிவு எதுவும் அனுப்பாதீர்கள். திறந்த அன்று பிஸ்டன் தலையில் என்ன அடித்திருந்தது என்று எனக்கு எழுதுங்கள். நட்டஈடு கேட்டு அவருக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தின் இரண்டாம் பந்தியை அதன் பிறகுதான் எழுத முடியும்.