மடியில் வைத்துக்கொண்டால் போதாதா, டாக்டர்?

பொங்கல் நெருங்கினால் என் கிளினிக்கில் காய்ச்சல் கேள்விகள் பாதி, கார் கேள்விகள் பாதி. இந்த முறை வந்தவற்றில் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறோம். மகளுக்கு ஒன்றரை வயது. குழந்தை சீட்டில் வைத்தாலே வில்லாக வளைந்து அழுகிறாள். மாமியார், "என் மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன், விடு" என்கிறார். விடலாமா? – வாசகி, ஆவடி

விடாதீர்கள். மாமியாரின் பிடியில் குறையில்லை, கணக்குத்தான் இடிக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 140 கிலோ மூட்டையாகக் கையை விட்டுப் பாயும். நாற்கரச் சாலையில் நாம் போவதோ 90, 100. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து மாட்டுவது அதைவிட மோசம். பெரியவரின் எடை முழுவதும் குழந்தையின் மேல் விழும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டிலோ குழந்தை சீட்டிலோ உட்கார வைக்காவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். இதைச் சொன்னால் சில மாமியார்கள் சம்மதிக்கிறார்கள்!

அழுகைக்கு வருவோம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சீட்டைக் காரிலிருந்து இறக்கி ஹாலில் வையுங்கள். அதில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிடட்டும், பொம்மையை உட்கார வைத்து விளையாடட்டும். அப்புறம் காரில் மாட்டி, காய்கறிக் கடை வரை இரண்டு மூன்று தடவை போய் வாருங்கள். முதல் முறையே 600 கிலோமீட்டருக்குக் கட்டிப்போட்டால் யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள்.

ஒன்றரை வயதில் சீட் பின்பக்கம் பார்த்தபடி இருப்பதே நல்லது. இந்த வயதில் தலை கனம், கழுத்து பலமில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலில் தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு முழுவதும் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். சீட்டில் அச்சிட்டிருக்கும் எடை, உயர வரம்பு வரை அப்படியே விடுங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் மட்டும் அதை மாட்டவே கூடாது. தோள் பக்கம் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். வெயிலில் நின்ற காரில் பக்கிள் சூடு ஏறியிருக்கும், முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். பாதி அழுகைக்கு அதுதான் காரணம்.

முடிந்தால் திருச்சியிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்குங்கள். ஒரே மூச்சில்தான் போக வேண்டுமென்றால், குழந்தை விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி ஓடவிடுங்கள்.

காரின் கைப்பிடியில் தூளி கட்டலாமா? வீட்டில் தூளியில்தான் தூங்குவான். – வாசகர், நாமக்கல்

வேண்டாம். வீட்டுத் தூளிக்கு உத்தரம் இருக்கிறது. அந்த பிளாஸ்டிக் கைப்பிடி அதற்காகச் செய்தது அல்ல. பிரேக் போட்டால் தூளி கவண்கல் மாதிரி வீசும்.

சன்ரூஃபைத் திறந்து நிற்க வைத்து வேடிக்கை காட்டலாமா?

கூடாது. அடுத்த கேள்வி.

இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் குழந்தை தூங்கிவிடும் அல்லவா?

குழந்தை தூங்கும். ஓட்டுபவர்? பகலெல்லாம் ஆபீஸ் வேலை பார்த்தவருக்குப் பின்னிரவு 2 முதல் 5 வரை தன்னை அறியாமல் கண் சொருகும். ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்துவிடுங்கள். விடிகாலை நாலரைக்குக் குழந்தையை நைட் டிரஸ்ஸோடு தூக்கிக் காரில் வையுங்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் சம்பிரதாயத்தை முந்தின நாளே கோலத்தோடு தயார் செய்துவிட்டால் சத்தமில்லாமல் கிளம்பலாம். பல குழந்தைகள் விக்கிரவாண்டி வரை விழிப்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, சளி மருந்து அரை ஸ்பூன் கொடுத்தால் வழியெல்லாம் தூங்கும் என்கிறார். கொடுக்கலாமா?

அந்த அக்கா தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்! கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. வாந்திக்குத் தரும் புரோமெதசின் 2 வயதுக்குக் கீழே மூச்சையே அடக்கிவிடலாம். இன்னொன்று, இந்த மருந்துகள் சில குழந்தைகளிடம் நேரெதிராக வேலை செய்யும். மேல்மருவத்தூர் தாண்டி ஒரு அம்மா எனக்கு போன் செய்தார்: "தூங்கவில்லை டாக்டர், மூன்று மணி நேரமாகக் கத்திக்கொண்டு துள்ளுகிறான்."

வால்பாறை போகிறோம். மகனுக்கு இரண்டரை வயது, வளைவில் வாந்தி எடுப்பான்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், பெரியவர்களுக்கே குமட்டும். இரண்டு வயதுக்குக் கீழே இது அதிகம் வராது, அதற்கப்புறம்தான் தொடங்கும். டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் சென்ட் பாட்டிலை முதலில் கழற்றி டிக்கியில் போடுங்கள். மலையில் போன் காட்டாதீர்கள், ஜன்னலை இறக்கித் தூரத்து மலையைக் காட்டுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓர் இட்லி போதும், பால் வேண்டாம். இது அனுபவம். கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டில் என் மகனுக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்கச் சொன்னவனே நான்தான். வெள்ளி நீர்வீழ்ச்சி வருவதற்குள் அந்தப் பால் முழுவதும் என் சட்டையில்.

டீ குடிக்க இறங்கும்போது தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லை. ஐந்து நிமிடம் காரிலேயே விடலாமா?

ஒரு நிமிடம்கூட வேண்டாம். வெயிலில் பூட்டிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஒருவர் டீயைக் காருக்கு வாங்கி வரட்டும்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகலாம்?

காரமில்லாத பொடி தடவிய இட்லி, வாழைப்பழம், கொதித்து ஆறிய தண்ணீர். தயிர் சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை, கடினமான முறுக்கு இதெல்லாம் தொண்டையில் அடைக்கும். ஓடும் காரில் அவை வேண்டவே வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொடி இரண்டு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

இப்போதுதான் டயப்பரை நிறுத்தினோம். பயணத்தில் மறுபடி போடலாமா?

தாராளமாக. இரண்டு நாளில் பழக்கம் ஒன்றும் போய்விடாது. குழந்தைக்கு மூன்று மாற்றுத் துணி. அப்புறம் உங்களுக்கும் ஒரு சட்டை, கைக்கு எட்டும் பையில், டிக்கியில் இல்லை.